விரலுக்குப் பழகிய விசைகள்: போட்டோஷாப் அப்டேட், எஸ்டேட் பட்டணத்து ஸ்டூடியோக்களுக்கான மதிப்புரை

போட்டோஷாப்பில் படத்தின் அளவை மாற்ற கண்ட்ரோல்+டி (T) அழுத்துங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மூலையை வெளியே இழுங்கள். பழைய போட்டோஷாப்பில் முகம் அதன் அளவுப்படியே பெரிதாகும். புதியதில் கன்னம் உப்பி, நெற்றி அகன்று, வேறு ஆள் போலாகிவிடும். மலேசிய பாஸ்போர்ட் படம் 35க்கு 50 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்புலம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 413க்கு 591 பிக்சல். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் முகம் கொஞ்சம் அகன்றால் உடனே கண்ணில் படாது. நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் எட்டுப் படமும் அடித்து வெட்டிய பிறகுதான் வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா மாதிரி இல்லையே" என்பார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற எஸ்டேட் பட்டணத்தில் ஒரு ஸ்டூடியோவே பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக் காவடிப் படம், கோயில் திருவிழா பேனர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. வேலை கையில்தான் இருக்கிறது. மெனுவைத் தேடிக்கொண்டிருந்தால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். அதனால் இந்த மென்பொருளை ஒரே கேள்வியோடு மட்டும் எடைபோடுகிறோம்: அப்டேட்டுக்குப் பிறகு பழகிய விசைகள் திரும்பக் கிடைக்கின்றனவா? ஏறக்குறைய எல்லாமே கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் கிடக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

அதிகம் தடுமாறுபவர்கள் 2012இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்6 பதிப்பையே வைத்திருந்து, பழைய கணினி செத்த பிறகு நேராகச் சந்தாப் பதிப்புக்குத் தாவியவர்கள். வருடா வருடம் ஒவ்வொன்றாக வந்த மாற்றங்கள் அவர்கள் தலையில் ஒரே நாளில் விழுகின்றன. 2016 நவம்பரில் கண்ட்ரோல்+எஃப், கடைசி ஃபில்டரை மறுபடி போடும் வேலையை விட்டுவிட்டுத் தேடல் பெட்டியைத் திறக்கத் தொடங்கியது. 2018 அக்டோபரில் செய்ததைத் திருப்பும் அன்டூவும் அளவு மாற்றும் டிரான்ஸ்ஃபார்மும் மாறின. 2021 மே மாதத்தில் சேவ் ஆஸ் மாறியது.

முதலில் முகத்தைச் சரிசெய்வோம். கண்ட்ரோல்+கே அழுத்தி பிரிஃபரன்சஸ் திறந்து, ஜெனரல் பக்கத்தில் 'யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்' என்ற டிக்கைப் போடுங்கள். ஷிஃப்ட் பிடித்தால் அளவுப்படி, பிடிக்காவிட்டால் தாறுமாறு என்ற பழைய முறை திரும்பிவிடும். இல்லஸ்ட்ரேட்டரும் சேர்த்துப் பயன்படுத்தும் பேனர் கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் போட வேண்டும். அங்கே இன்றும் ஷிஃப்ட்தான் அளவைக் காக்கிறது. ஒரே கைக்கு இரண்டு மென்பொருளில் இரண்டு எதிர்விதிகள் கூடாது. போட்டோஷாப் மட்டும் போதும் என்பவர்கள் புதிய முறைக்கே பழகிக்கொள்ளலாம். அப்போது மேல்பட்டையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே இருக்கும் சங்கிலிக் குறியைப் பார்த்துவிட்டு இழுங்கள். சங்கிலி மாட்டியிருந்தால் அகல-உயர விகிதம் மாறாது. ஷிஃப்ட் அதைத் தலைகீழாக்கும்.

அன்டூவில் எங்கள் கருத்து வேறு. பழையதில் கண்ட்ரோல்+இசட் ஒரு படி பின்னே போய், மறுபடி அழுத்தினால் முன்னே வரும். மேலும் பின்னே போக ஆல்ட்டும் சேர வேண்டும். இப்போது கண்ட்ரோல்+இசட் அழுத்த அழுத்தப் பின்னே போய்க்கொண்டே இருக்கும். முன்னே வர ஷிஃப்ட்+கண்ட்ரோல்+இசட். பழையதே வேண்டும் என்றால், ஆல்ட்+ஷிஃப்ட்+கண்ட்ரோல்+கே அழுத்திக் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியைத் திறந்து, 'யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ்' டிக்கைப் போட்டு, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல், "டிக் போட்டும் வேலை செய்யவில்லை" என்பவர்கள் பலர். ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம் என்றே சொல்வோம். வேர்ட், எக்செல் எல்லாவற்றிலும் கண்ட்ரோல்+இசட் இப்படித்தான் பின்னே போய்க்கொண்டே இருக்கும். கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் கையும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. பருவைத் துடைத்ததும் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கம் போய்விடுமே என்று கவலை வேண்டாம். ஆல்ட்+கண்ட்ரோல்+இசட் இப்போது அந்த வேலையைச் செய்கிறது.

கண்ட்ரோல்+எஃப் விஷயத்தில் தயங்கவே வேண்டாம், பழையதை மீட்டுவிடுங்கள். ஒரு படத்துக்கு அன்ஷார்ப் மாஸ்க் போட்டுவிட்டு, மீதி நாற்பது காவடிப் படத்துக்கும் ஒரே தட்டில் அதே கூர்மையைக் கொடுப்பது சின்ன வசதியல்ல. கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியில் அப்ளிகேஷன் மெனுஸ் என்பதை வைத்து, ஃபில்டர் பிரிவை விரித்து, லாஸ்ட் ஃபில்டர் வரியில் கண்ட்ரோல்+எஃப் அழுத்துங்கள். அந்த விசை ஏற்கெனவே சர்ச் என்ற தேடலுக்குப் போயிருக்கிறது, ஏற்றால் அங்கிருந்து எடுக்கப்படும் என்று கீழே எச்சரிக்கை வரும். அக்செப்ட் அழுத்துங்கள். தேடல் எடிட் மெனுவில் அப்படியே இருக்கும், ஒன்றும் நஷ்டமில்லை.

அதே பெட்டியில் வட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, மாற்றிய விசைகளை ஒரு பெயரில் சேமித்துவிடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். கேஒய்எஸ் என்று முடியும் ஒரு கோப்பு உருவாகும். விண்டோஸில் அது ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, போட்டோஷாப்பின் அந்த வருடப் பெயர், பிரிசெட்ஸ், கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள ஃபோல்டர்களின் கடைசியில் இருக்கும். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்டிருப்பதால் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது: பெரிய அப்டேட் புது ஃபோல்டர் கட்டிக்கொண்டு வருகிறது. பழைய அமைப்புகளை இறக்குமதி செய் என்ற டிக்கை நிறுவும்போது எடுத்துவிட்டால் எல்லாம் வெறுமையாக நிற்கும். கோப்பைப் பென்டிரைவில் வைத்திருந்தால் புது ஃபோல்டரில் ஒட்டி, மென்பொருளை மூடித் திறந்து, செட் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். டிரான்ஸ்ஃபார்ம், சேவ் ஆஸ் டிக்குகள் இந்தக் கோப்பில் வராது. அவை பிரிஃபரன்சஸைச் சேர்ந்தவை. தனியாக மறுபடி போட வேண்டும்.

சேவ் ஆஸ் பற்றிய குழப்பம் இப்படி வரும்: லேயர்களோடு (அடுக்குகளோடு) இருக்கும் ஆல்பப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஷிஃப்ட்+கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் பட்டியலில் ஜேபெக்கே இருக்காது. அது சேவ் எ காப்பிக்குப் போய்விட்டது, விசை ஆல்ட்+கண்ட்ரோல்+எஸ். பழையபடி வேண்டுமானால் பிரிஃபரன்சஸ், ஃபைல் ஹேண்ட்லிங், 'எனேபிள் லெகசி சேவ் ஆஸ்'. கோப்புப் பெயருக்குப் பின்னால் காப்பி என்று ஒட்டிக்கொள்வதை நிறுத்தும் டிக்கும் அங்கேயே இருக்கிறது.

இனி சொல்வது தமிழில் தட்டச்சு செய்யும் கடைகளுக்கு மட்டுமே உரியது. அப்டேட்டின் மேல் போடப்படும் பழியில் ஒரு பங்கு உண்மையில் விசைப்பலகையைச் சேரும். திருவிழா பேனரில் பெயர்களைத் தமிழில் அடித்துவிட்டு, பிரஷ் எடுக்க பி-யை (B) தட்டுகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் பி விசையில் இருப்பது ங. வி விசையில் வ. ஒற்றை எழுத்து விசைகள் ஆங்கில எழுத்தை எதிர்பார்க்கின்றன. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ விண்டோஸின் தமிழ் விசைப்பலகையோ ஓடிக்கொண்டிருந்தால் அந்த எழுத்து அங்கே போய்ச் சேர்வதில்லை. ஷார்ட்கட்டை மாற்றுவதற்கு முன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மொழிக் குறியை ஒருமுறை பாருங்கள்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. விண்டோஸில் இடப்பக்க ஆல்ட்+ஷிஃப்ட் மொழியை மாற்றும் விசை. போட்டோஷாப்பில் லேயரின் கலவை முறையை மல்டிப்ளை ஆக்க ஷிஃப்ட்+ஆல்ட்+எம், ஸ்கிரீன் ஆக்க ஷிஃப்ட்+ஆல்ட்+எஸ். ஆகவே கலவை முறையை மாற்றும் கையே தெரியாமல் கணினியைத் தமிழுக்கு மாற்றிவிடக்கூடும். அடுத்த நிமிடம் ஒற்றை எழுத்து விசை ஒன்றும் வேலை செய்யாது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் வரை போய், சேஞ்ச் கீ சீக்குவென்ஸில் இரண்டு பக்கமும் நாட் அசைன்ட் வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸ் இருக்கவே இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற டிக்கும் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் உண்டு. அதைப் போட்டால் வாட்ஸ்அப்பில் அடித்த தமிழ் போட்டோஷாப்புக்குள் வராது.

ஒரே கணினியில் மூன்று பேர் வேலை செய்தால் விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ், நியூ வொர்க்ஸ்பேஸ் போய், கீபோர்டு ஷார்ட்கட்ஸ் டிக்கோடு ஆளுக்கொன்று சேமியுங்கள். பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவரவர் விசை வந்துவிடும். ஷார்ட்கட்ஸ் பெட்டியில் உள்ள சம்மரைஸ் பொத்தான் எல்லா விசைகளையும் ஒரே பக்கமாக எழுதித் தரும். அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டலாம். நாங்கள் பார்த்தவற்றில் இவ்வளவு பயன் தந்தும் யாரும் தொடாத பொத்தான் இதுதான்.

சந்தா கட்டாமல் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு: 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் விசைக் கோப்பின் பெயரே மாறிவிட்டது, பழைய மெனுஆர்சி கோப்பை அப்படியே கொண்டுபோய்ப் போடாதீர்கள். எடிட் மெனுவின் கீபோர்டு ஷார்ட்கட்ஸில் வேண்டியதைப் புதிதாக வையுங்கள். ஒட்டும் படம் இப்போது நேராகப் புது லேயராகிறது. இது நல்ல மாற்றம். கட்டளை மறந்துபோனால் சாய்கோட்டு (/) விசையைத் தட்டித் தேடலாம்.

போட்டோஷாப்பின் பெரிய பதிப்பு பல ஆண்டுகளில் அக்டோபர் வாக்கில் வந்திருக்கிறது. நமக்கு அதுதான் தீபாவளி வாழ்த்து அட்டையும் பேனரும் குவியும் நேரம். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் பிரிஃபரன்சஸில், ஆப்ஸ் பகுதியில் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவையுங்கள். புதியதை நிறுவும்போது பழைய பதிப்பை நீக்கு என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்தே ஓடும். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு விசைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.