மேஸ்திரியா, ஐடிஐயா, நேரே துபாயா?

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் சும்மா கட்டிக் கிடக்கும். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் அதற்குள்தான் வரும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அந்த நேரத்தில் ஒரே பேச்சுதான், "பயல என்ன பண்ண?" கடலுக்கு அனுப்ப மனசில்லை, காலேஜுக்கு அனுப்பக் காசில்லை. கட்டட வேலை பழகட்டும் என்று முடிவானால் மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

நான் போனது மேஸ்திரி வழி, எங்கள் பெரியப்பாவிடம். முதல் வாரமே சனிக்கிழமை கையில் சம்பளம், அதுதான் இதில் பெரிய கவர்ச்சி. ஆனால் ஒரு வருஷத்துக்கு நிமிந்தாள் (எடுபிடி) வேலைதான், சட்டி தூக்கியே தலை வழுக்கையாகிவிடும் போலிருக்கும், கொத்துக் கரண்டியை யாரும் தரமாட்டார்கள். நான் திருட்டுத்தனமாகத்தான் பழகினேன். மதியம் எல்லோரும் சோற்றுக்கு உட்கார்ந்ததும் பெரியப்பா கரண்டியை எடுத்துப் பின்பக்கச் சுவரில் கலவையை அடிப்பேன், பாதி சுவரில் பாதி என் காலில். ஒருநாள் அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டார். திட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்து விலாவோடு ஒட்டவைத்து, "மணிக்கட்டச் சுண்டி இப்ப எறி" என்றார். கலவை சப்பென்று ஒட்டிக்கொண்டது. கொத்து வேலைக்கு இந்தப் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கெட்ட பழக்கமும் கூடவே வரும். எங்கள் கரையோரம் பத்துப் பதினைந்து வருஷ வீட்டில்கூட தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது, துரு ஊதிப்போய் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கம்பிக்கு அடியில் கான்கிரீட் தடிமனாக நிற்கணும், பெரியப்பா செய்ததோ கம்பியைத் தூக்க அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் செருகுவது, அதையேதான் நானும் வருஷக்கணக்கில் செய்தேன்.

சரி, ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். பிளம்பர், வெல்டர் என்றால் 1 வருஷம், எலக்ட்ரீஷியன், வயர்மேன் 2 வருஷம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் அல்லது புதுமைப்பெண் திட்டத்தில் தனியாக 1,000. அப்புறம் 1961-ஆம் வருஷ அப்ரெண்டிஸ் சட்டப்படி ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸாக, அதாவது வேலை பழகுகிறவராகச் சேர்ந்தால் அங்கேயும் உதவித்தொகை, முடித்துப் பரீட்சை பாஸானால் தேசியச் சான்றிதழ். குறை என்னவென்றால் பெரிய கம்பெனி எதுவும் நம் ஊரில் இல்லை, சென்னை, தூத்துக்குடி என்று போகணும், வருகிற காசு ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். ஐடிஐ முடித்த கையோடு வருகிற பையனுக்கு வேகமும் இருக்காது.

பெண் பிள்ளைகளுக்கு என்றால் நான் ஐடிஐயை மட்டும்தான் சொல்வேன். இருபது வருஷம் சித்தாளாக இருந்தவரைக்கூட ஒரு மேஸ்திரியும் கொத்தனார் ஆக்கி நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது ஹெல்ப்பர் விசா. எங்கள் சித்தப்பா மகன் பத்தாவது பாஸாகாமல் போனவன். பத்தாவது பாஸாகாதவர்களின் பாஸ்போர்ட்டில் வளைகுடா உள்பட 18 நாட்டுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்கணும். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கேட்கலாம் என்பது விதி. அவன் சின்னம்மா நகையை அடகு வைத்து அதைப்போல் நாலு மடங்கு கொடுத்தான். நாலு வருஷமும் அங்கே பலகை சுமந்தான். பக்கத்திலேயே குழாய் மாட்டுகிறவனுக்குச் சான்றிதழ் இருந்தது, சம்பளமும் வேறு. நகை திரும்பி வந்தது, தொழில் வரவில்லை. அரபு நாட்டுக்குப் போவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், கீழக்கரை, தொண்டிப் பக்கமெல்லாம் அந்தக் காசில் எழும்பிய வீடு எத்தனையோ. தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு போகணும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் கொத்து வேலைக்கு மேஸ்திரி, கரண்ட், பிளம்பிங், வெல்டிங்குக்கு ஐடிஐயும் அப்ரெண்டிஸும். எங்கள் அக்கா மகன் எலக்ட்ரீஷியன் முடித்துச் சென்னையில் ஒரு பெரிய சைட்டில் அப்ரெண்டிஸாக இருந்துவிட்டு வந்தான். போன வருஷம் உச்சிப்புளியில் என் வேலையில் தளத்துக்குள் வயர் போகிற பைப் போட வந்தவன், குனிந்து கம்பிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, "மாமா, இப்படி இருந்தா அங்க கான்கிரீட்டே போட விடமாட்டாங்க" என்றான். இன்ஜினியருக்குப் போன் போட்டேன். கடலோரத்தில் 45 மில்லிமீட்டர் மூடல், அதாவது கம்பிக்கு வெளியே அவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் வேணும், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-லேயே இருக்கிறது என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். கலவை மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு ராமநாதபுரத்துக்கு ஆளை விட்டு, கம்பியைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் கட்டைகளை வாங்கி வரச்சொன்னேன், ஒருநாள் கூலி தண்டம். பைப் போட வந்தவன் அன்றைக்குப் பூராவும் என் ஆட்களோடு உட்கார்ந்து கம்பியை நெம்பி நெம்பிக் கட்டை வைத்துக்கொண்டிருந்தான்.