செட்டிநாட்டு நாவலை எங்கே தொடங்குவது? மூன்று முதல் காட்சிகள்

கதை இதுதான். காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரில் பர்மாத் தேக்குத் தூண்களோடு ஒரு பெரிய வீடு. விற்றுவிடலாம் என்று பங்காளிகள் எல்லோரும் சொல்லியாயிற்று. சென்னையிலிருக்கும் பேரன் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவனுக்கும் பணம் தேவைதான். ஆனால் அப்பத்தா இன்னும் அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நாவலின் முதல் காட்சிக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, வீட்டிலிருந்து தொடங்குவது. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய பளபளக்கும் சுவர். எழுதச் சுகமாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கம் போன பிறகும் யாருக்கு என்ன வேண்டும் என்று வாசகருக்குத் தெரியாது. வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் அங்கே பிறந்தவருக்கும் ஒரே தரைதான் தெரிகிறது என்றால், அந்த வர்ணனையில் மனிதர் இல்லை.

இரண்டாவது, ரங்கூன். 1941 டிசம்பர் 23, ஜப்பான் விமானங்கள் குண்டு போடுகின்றன. அங்கே வட்டிக்கடை நடத்தும் ஐயா, அதாவது பேரனின் தாத்தா, பெட்டகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நெல் நிலங்கள் அங்கேயே கிடக்கின்றன. அவர் அஸ்ஸாம் பக்கம் நடக்கிறார். வேகம் இருக்கிறது, பயம் இருக்கிறது. ஆனால் குண்டு விழும்போது எல்லோரும் ஓடத்தான் செய்வார்கள். அந்த ஓட்டத்தில் ஒரு ஆள் தனியாகத் தெரிவது கடினம். அத்தோடு நம் கதையின் சிக்கல் பேரனுடையது. அவனைச் சந்திக்க வாசகர் அறுபது எழுபது வருஷம் தாண்டி வர வேண்டியிருக்கும்.

எனக்கு மூன்றாவதுதான் சரி என்று படுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் வந்து வளவில் நிற்கிறார். தூணைத் தட்டிப் பார்க்கிறார், டேப்பை நீட்டி அளக்கிறார். அப்புறம் ஓரத்து அறையைக் காட்டி, "தம்பி, அதையும் திறந்துவிட்டா ஒரேயடியாப் பார்த்துடலாம்" என்கிறார். ஐயாவுக்குக் கல்யாணமானபோது ஒதுக்கிய அறை அது. சாவி பேரனின் சட்டைப்பையில் இருக்கிறது.

"சாவி அப்பத்தாகிட்ட இருக்கு" என்கிறான்.

உள்ளேயிருந்து குரல் வருகிறது: "எங்கிட்ட ஏதுப்பா சாவி? நேத்தே உன் கையிலதானே கொடுத்தேன்."

இவ்வளவுதான் காட்சி. விலை பேச ஆளைக் கூட்டி வந்தவனும் அவன்தான், கதவைத் திறக்க முடியாமல் பொய் சொல்கிறவனும் அவன்தான். இரண்டு ஆசையும் ஒரே நிமிஷத்தில், வெளியாள் முன்னால் மோதுகின்றன. அதைவிட முக்கியம் அப்பத்தாவின் பதில். அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்! வீட்டை விட முடியாதவர் அவர்தான் என்று நினைத்த வாசகருக்கு இங்கே சந்தேகம் வருகிறது. பெரியவர்களைக் காட்டி நாம் எதை ஒளித்துக்கொள்கிறோம் என்ற கேள்வி, அதாவது நாவலின் கருவே, யாரும் எடுத்துச் சொல்லாமல் வந்து விழுந்துவிட்டது. இனி மூன்றாம் அத்தியாயத்தில் பங்காளி ஒருவரிடம் "அப்பத்தா மனசு தாங்காது" என்று அவன் சொல்லும்போது, வாசகர் நம்ப மாட்டார்.

இதே காட்சியைக் கெடுப்பதும் எளிது. சாவி என்றதும் "விற்பதா வேண்டாமா என்று அவன் மனம் ஊசலாடியது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பொய் செய்த வேலையை அந்த வரி பிடுங்கிக்கொள்ளும். வாசகர் தானே கண்டுபிடித்திருக்க வேண்டியதை நாமே கையில் திணிக்கிறோம். தொடக்க எழுத்தாளர்கள் பலர் முதல் பக்கத்தில் இதைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. காட்சி மேல் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வர வேண்டும்.

முதல் வழியில் ஆசைப்பட்ட வர்ணனையையும் இழக்க வேண்டியதில்லை. தரையும் சுவரும் தூணும் கடைக்காரர் கண் வழியாக, விலையோடு வரட்டும். அவர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடப் போட, பேரனுக்கு உள்ளே என்ன ஆகிறது என்பதும் சேர்ந்தே வரும்.

ரங்கூனை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். கதை ஐயாவுடையது என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். அப்போதும் குண்டு விழுவதற்கு முந்தின நாள் போதும். பெட்டகத்து நகை அடமானம் வைத்த பர்மியக் குடும்பத்துடையது. அவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், ஐயாவுக்கோ கப்பல் சீட்டுக்குப் பணம் போதவில்லை. திருப்பிக் கொடுப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்பதை அவர் இருட்டுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.