மத்திய வீதியா, உப்புவெளியா? கடை வாடகையின் உண்மைக் கணக்கு

திருகோணமலையில் கடை தேடுபவர்கள் முதலில் கேட்பது "மாதம் எவ்வளவு?" என்றுதான். அந்த ஒரு தொகையை வைத்து முடிவெடுத்தால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டிவரும். மத்திய வீதியில் ஒரு கடை, உப்புவெளியில் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு கடை. இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுக்குச் சொன்ன தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய வீதிக் கடைக்கு வாடகை 60,000, அட்வான்ஸ் 10 இலட்சம், இரண்டு வருட லீஸ் என்று வைப்போம். அட்வான்ஸ் திரும்பி வரும் காசுதானே என்று பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்தக் காசு 8 வீத வட்டியில் வங்கியில் கிடந்திருந்தால் மாதம் சுமார் 6,700 ரூபாய் வந்திருக்கும். அப்புறம் தட்டு, லைட், கண்ணாடி, டைல்ஸ், பெயர்ப்பலகை என்று 6 இலட்சம் போகிறது. தரையில் பதித்ததைக் கிளப்பிக்கொண்டு போக முடியுமா? 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 25,000. ஆக, 60,000 என்று பேசிய கடை 91,700 ரூபாயில் வந்து நிற்கிறது.

அதே கடையை ஐந்து வருடத்துக்கு எழுதினால் அந்த 25,000 வெறும் 10,000 ஆகிவிடும். வாடகையில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, காலத்தைக் கூட்டிக் கேட்பதுதான் கெட்டித்தனம். வருடாவருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

உப்புவெளியில் வாடகை 35,000, அட்வான்ஸ் 2 இலட்சம், உள்வேலை 3 இலட்சம் என்றால், இரண்டு வருடக் கணக்கில் மாதம் சுமார் 48,800. பாதி விலைதான் போலத் தெரியும். ஆனால் சுற்றுலாக் கூட்டம் ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரைதான். நவம்பரில் மாரி மழை பிடித்தால் தெரு வெறிச்சோடிவிடும். வாடகை மட்டும் நிற்காது. வருடச் செலவை ஆறு மாத வியாபாரம் தாங்க வேண்டுமென்றால், கல்லா நிறையும் ஒவ்வொரு மாதத்துக்கும் 97,000-க்கு மேல் விழுகிறது. மத்திய வீதியைவிடக் கூடுதல்! உப்புக்காற்று வேறு. ஷட்டரின் அடிப்பக்கத் தகடு முதலில் துருப்பிடிக்கும், பிறகு பூட்டு இறுகும். பெயின்ட், கிரீஸ் செலவு வருடந்தோறும் உண்டு.

நீச்சல் உடை, கடற்கரைச் சாமான் விற்பவருக்கு இதையெல்லாம் மீறியும் உப்புவெளிதான் சரி. சேலை, பாதணி, பாடசாலைச் சாமான் என்றால் மத்திய வீதியை விடக்கூடாது. பொங்கல், பெருநாள், தீபாவளி என்று சனம் வந்துகொண்டே இருக்கும். தையல், போன் திருத்தம் செய்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். வாடிக்கையாளர் தேடி வரும் தொழில் அது, நகரத்துக்குள் ஒரு குறுக்குத் தெரு போதும்.

எதை எடுத்தாலும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840-ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. குத்தகைக்கான முத்திரைத் தீர்வையும் 2025 ஏப்ரலில் ஆயிரத்துக்கு 10 ரூபாயிலிருந்து 20 ரூபாயாகிவிட்டது. அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசுங்கள். கரன்ட் மீட்டர் தனியா, மேல்மாடியோடு பங்கா என்பதையும் பாருங்கள். பழைய பில் பாக்கியிருந்தால், அது தீர்ந்த பிறகுதான் அட்வான்ஸைக் கையில் கொடுக்க வேண்டும்.