கணுக்கால் டேப்: ஒன்றரை வருஷம் கட்டிப் பார்த்ததில்

பெங்களூர் கௌதமபுரத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன் நான். போன வருஷ மழைக்காலத்தில், சொதசொதவென்ற மைதானத்தில் ஹெட்டருக்கு எகிறி இன்னொருத்தன் கால்மேல் இறங்கினேன். வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. நாலடி எடுத்து வைக்க முடியவில்லை. அம்மா புத்தூர் கட்டுக்குக் கிளம்பச் சொன்னாள். நாலடி நடக்க முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரேதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நாரான லிகமென்ட் வெளிப்பக்கத்தில் பாதி கிழிந்திருந்தது.

கால் மறுபடி மடங்காமல் இருக்கத்தான் டேப் கட்டுவது. ஆனால் வீக்கம் வடியும்வரை பிசியோதெரபிஸ்ட் அதைத் தொடவே விடவில்லை. வீங்குகிற காலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் அடைபடும்.

கடையில் கிடைப்பது இரண்டு வகை. கலர் கலராக இருக்கும் கினீசியோ டேப், 1970-களில் ஜப்பானில் கென்சோ காஸே உருவாக்கியது. ரப்பர் மாதிரி நீளும். நான் முதலில் காசு போட்டது இதில்தான். ஒட்டியிருந்தால் மனசுக்குத் தெம்பாக இருந்தது, ஆனால் மடங்குகிற காலை இது பிடித்து நிறுத்தாது. அதற்கு வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப்தான். அகலம் 3.8 செ.மீ., இழுத்தால் நீளாது.

பாதத்தை 90 டிகிரியில் நிமிர்த்தி வைத்து, தோலுக்கும் டேப்புக்கும் நடுவில் வரும் மெல்லிய அண்டர்ராப்பைச் சுற்றி, கெண்டைக்காலுக்குக் கீழே ஆங்கர், அதாவது மற்ற பட்டைகள் ஒட்டிப் பிடிக்கிற முதல் வளையம், போட வேண்டும். பிறகு டேப்பைக் காலின் உள்பக்கத்திலிருந்து குதிகாலுக்கு அடியில் விட்டு, வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்ட வேண்டும். திசை மாறினால் கட்டியே பிரயோஜனமில்லை. காலை மடங்குகிற பக்கத்துக்கே இழுக்கும். கடைசியில் ஹீல் லாக், அதாவது குதிகால் அசையாதபடி அதைச் சுற்றி ஒரு பூட்டு. முடித்ததும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவேன். வெளுத்த நகம் உடனே சிவக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவேன்.

ஒரு மேட்ச்சில் அவசரமாக அண்டர்ராப் இல்லாமல் கட்டினேன். குதிநரம்புமேல் ஒரு சுருக்கம் விழுந்ததைக் கவனிக்கவில்லை. அது கொப்புளமாகிவிட்டது. மேட்ச் முடிந்து கத்தரிக்கோல் தேடப் பொறுமையின்றிக் கையால் உரித்தேன், தோலும் கூடவே வந்தது. மூன்று வாரம் டேப் கிடையாது.

அந்த மூன்று வாரம்தான் கண்ணைத் திறந்தது. டேப் எப்படியும் அரைமணி நேர ஓட்டத்தில் தளர்ந்துவிடும். இடைவேளையில் விரலை விட்டால் உள்ளே போகும். அதற்குப் பிறகும் கால் மடங்காமல் இருந்தது எதனால்? பிசியோ சொல்லி, அரைமனசோடு செய்துகொண்டிருந்த பயிற்சியால்தான். மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு அடியில், வலது காலில் மட்டும், கண்ணை மூடி நிற்பேன். முதல் நாள் 6 விநாடி. பாதத்தின் ஓரத்தில் சின்னச் சின்னத் தசையெல்லாம் துடிப்பது தெரியும். இப்போது 40 விநாடி தாண்டுகிறது. கால் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று உடம்புக்கு மறந்துபோயிருந்தது. அதைத் திரும்பக் கற்றுக் கொடுத்தது இதுதான்.

இப்போது மேட்ச் அன்றைக்கு மட்டும் டேப். பிராக்டிஸுக்குக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் லேஸ் வைத்த உறை, பிரேஸ், போதும், டேப் செலவும் மிச்சம்.

போன ஞாயிறு எங்கள் டீமில் ஒரு சின்னப் பையன் வீங்கிய காலை நீட்டி, "அண்ணா, கட்டிவிடுங்க, செகண்ட் ஹாஃப் மட்டும் ஆடிட்டு வந்துடறேன்" என்றான். நான் கட்டவில்லை. ஐஸ் வைத்து, காலைப் பைமேல் தூக்கி வைத்து உட்கார வைத்தேன். மேட்ச் முடியும்வரை அவன் என்னோடு பேசவில்லை. சாயந்திரம் நான்தான் அவனை எக்ஸ்ரே எடுக்க வண்டியில் கூட்டிப்போனேன்.