கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு நாள் வேலை: விமானமா, வந்தே பாரத்தா, இரவு ரயிலா?

கோவையில் தொழில் செய்கிற யாருக்கும் சென்னை வேலை அடிக்கடி வந்துவிடும். கிண்டியில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும், அம்பத்தூரில் சாம்பிள் காட்ட வேண்டும், ஏதோ ஓர் அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையான வேலை இரண்டு மணி நேரம்தான். அதற்காகச் சுமார் 500 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வர வேண்டும். டிக்கெட் போட உட்காரும்போது கண்முன் மூன்று வழிகள் இருக்கும்: இண்டிகோ போன்ற பட்ஜெட் விமானம், காலை 6 மணி வந்தே பாரத், சேரன் அல்லது நீலகிரி போன்ற இரவு ரயில்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை கிண்டி, ஒரகடம் பக்கம் என்றால் போகும்போது காலை முதல் விமானம், திரும்பும்போது இரவு ரயில். வேலை சென்ட்ரல், பாரிமுனை, அம்பத்தூர் பக்கம் என்றால் விமானத்தை மறந்துவிடலாம். இரண்டு பக்கமும் விமானம் போட்டுக்கொண்டு போவது மட்டும் சிறு கம்பெனிக்குப் பெரும்பாலும் பணத்துக்கும் நஷ்டம், நிம்மதிக்கும் நஷ்டம்.

வாசலிலிருந்து வாசல் வரை

கோவையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம் சுமார். இந்த எண்ணை வைத்துத்தான் பலர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் உள்நாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு மூடும். காலை 7.30க்கு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பை போட வேண்டியிருந்தால் 6.15க்காவது பீளமேடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கணபதியிலோ சரவணம்பட்டியிலோ வீடு என்றால் 5.45க்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ரயில் நிலையம், டவுன்ஹால் பக்கம் இருப்பவர்களுக்கு 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் நல்ல உதவி. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு அவிநாசி சாலை சிக்னல்களின் தொல்லை இல்லை.

சென்னையில் 8.40 வாக்கில் இறங்குகிறீர்கள். கையில் ஒரு பை மட்டும் இருந்தால் நேராக மெட்ரோவுக்கு நடந்துவிடலாம். மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, ஆலந்தூர், கிண்டி என நாலாவது நிலையம்தான். 9.30க்குப் பார்ட்டி முன்னால் உட்கார்ந்திருக்கலாம். ஆக, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நாலு மணி நேரத்துக்குள்.

அதே கிண்டிக்கு வந்தே பாரத்தில் போனால்? காலை 6 மணிக்குக் கோவையில் கிளம்பி 11.50க்கு சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ பிடித்து கிண்டி சேரும்போது பன்னிரண்டரை. பார்க்க வேண்டியவர் சாப்பிடப் போயிருப்பார். அரை நாள் போய்விட்டது. இங்கே விமானம் தெளிவாக ஜெயிக்கிறது, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் போக வேண்டிய இடம் அம்பத்தூர் எஸ்டேட் என்றால் கணக்கு மாறிவிடும். விமான நிலையத்திலிருந்து காலை நெரிசலில் அம்பத்தூருக்குக் காரில் போவது ஒரு மணி நேர வேலை, சில நாள் அதற்கும் மேல். இரவு ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கியவர் புறநகர் ரயிலில் ஏறினால் முக்கால் மணிக்குள் அங்கே இருப்பார். பாரிமுனை, சௌகார்பேட்டை, எழும்பூர் வேலைகளுக்கும் இதே கதைதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் ஆலைகளுக்கு நேர் எதிர்: சென்ட்ரலில் இறங்கி ஊரைக் குறுக்கே கடப்பதைவிட விமான நிலையத்திலிருந்து அப்படியே தெற்கே போய்விடுவது நல்லது. டிக்கெட் போடும் முன் விலைப்பட்டியலைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பார்ட்டியின் முகவரி.

காட்டும் விலையும் கட்டும் விலையும்

விமான டிக்கெட் போடும்போது முதல் திரையில் ஒரு தொகை வரும். பயணி பெயரை நிரப்பி அடுத்த திரைக்குப் போனால் சீட் படம். முன் வரிசை ஒரு நிறம், ஜன்னல் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. காசு கொடுக்காமல் தாண்டிப் போகலாம், ஆனால் வெப் செக்-இன் செய்யும்போது பின்னால் ஏதோ ஒரு நடு சீட் வந்து சேரும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு நடு சீட் பரவாயில்லை, தாராளமாகத் தாண்டிப் போங்கள். அதற்கடுத்து சாப்பாடு, இன்ஷூரன்ஸ், சீக்கிரம் ஏறும் வசதி என்று வரிசையாகக் கேட்கும். கடைசியில் இணையக் கட்டணம் ஒன்று. வரிப் பகுதியில் பாதுகாப்புக் கட்டணம், பயணிகள் மேம்பாட்டுக் கட்டணம், 5 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கும். கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடும் கட்டம் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டுவிட்டு மாதக் கடைசியில் பில்லை மாற்றித் தரச் சொல்லி அலைய வேண்டாம்.

இதெல்லாம் சின்னச் செலவு. பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. தொழில் பயணத்தின் நேரம் நம் கையில் இல்லை. பார்ட்டி முந்தின நாள் மாலை போன் செய்து, “சார், நாளைக்கு வேண்டாம், வியாழக்கிழமை வாங்க” என்பார். மலிவாக வாங்கிய டிக்கெட்டை மாற்றப் போனால் மாற்றுக் கட்டணம், அதோடு புதுத் தேதியின் விலை வித்தியாசம். இரண்டும் சேர்ந்தால் புது டிக்கெட்டே வாங்கிவிடலாம் என்கிற நிலை வந்துவிடும். ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் முழுசாகப் போகலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பணம் திரும்பக் கிடைக்காது என்று விற்ற டிக்கெட்டிலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை. சின்னத் தொகை என்று விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள், அது உங்கள் பணம்.

ரயிலில் இந்த வலி குறைவு. சேரனில் மூன்றாம் வகுப்பு ஏ.சி. ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும், வந்தே பாரத் சேர் காரில் ஆயிரத்து முந்நூறு சுமாருக்கு. ரத்து செய்தாலும் நேரம் இருக்கும்போது செய்தால் பிடித்தம் கொஞ்சம்தான். கடைசி மணி நேரங்களில் செய்தால் முழுதும் போய்விடும் என்பது உண்மை, ஆனாலும் போவது ஆயிரம் ரூபாய்.

ரயிலின் கஷ்டம் டிக்கெட் கிடைப்பதில்தான் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கிறது. வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை சேரனில் இடம் வேண்டுமென்றால் அப்போதே போட வேண்டும். மீட்டிங் தேதியோ மூன்று நாள் முன்புதான் தெரியும். தத்காலில் ஏ.சி. வகுப்புகள் முந்தின நாள் காலை 10 மணிக்குத் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு இணைத்த கணக்கு இல்லாமல் இணையத்தில் தத்கால் போட முடியாது. ஆபீஸில் டிக்கெட் போடுகிறவரின் கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பத்து மணி அடித்த பிறகு அந்த வேலையைச் செய்ய நேரம் இருக்காது.

ஏன் காலை விமானம், ஏன் மாலை விமானம் வேண்டாம்

பட்ஜெட் விமானத்தின் லாபமே விமானத்தை நிலத்தில் நிற்க விடாமல் ஓட்டுவதில்தான் இருக்கிறது. இறங்கின விமானத்தைச் சுத்தம் செய்து, ஆள் ஏற்றி, அரை மணி சுமாரில் மறுபடி கிளப்புவார்கள். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு ஊர் போய்வரும். காலையில் எங்கோ ஹைதராபாத்திலோ மும்பையிலோ இருபது நிமிடம் தாமதம் ஆனால் அதை ஈடுகட்ட நடுவில் இடைவெளி கிடையாது. மாலைக்குள் அது ஒரு மணி நேரமாகி நம் தலையில் விழும். காலை முதல் விமானத்தில் இந்தச் சுமை சேர்ந்திருக்காது. அதனால்தான் மீட்டிங்குக்குப் போக நான் நம்புவது காலை விமானத்தை.

தாமதம், ரத்து என்றால் சட்டப்படி என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்வோம். இந்த அளவு குறுகிய விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சாப்பிட ஏதாவது தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. இந்த “எது குறைவோ” என்பதைப் படித்துப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு டிக்கெட் வாங்கியவருக்கு அதற்குள்தான் இழப்பீடு. வானிலை போன்ற காரணம் என்றால் அதுவும் இல்லை. கைநழுவிப் போன ஆர்டருக்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை.

2025 டிசம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதற்கு ஏற்ப ஆட்களைத் தயார் செய்யாததால் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் சில நாட்களில் ரத்தாகின. மற்ற நிறுவனங்களின் விலை எகிறியது. 500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு உச்சவரம்பு போட வேண்டி வந்தது. கோவை-சென்னை தடத்தில் பெரும்பாலான விமானங்கள் அந்த ஒரே நிறுவனத்துடையவை. அது நின்றால் மாற்று விமானம் என்று தேட அதிகம் இல்லை. திரும்பி வரும் வழியையும் அங்கேயே கட்டிப்போடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பும்போது இரவு ரயில் ஏன் நல்லது என்றால், அது வேலையை விரட்டாது. மாலை 6.30 விமானம் போட்டவர் நாலு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். விலை பேசும் இடத்தில் அது எதிராளிக்கும் தெரியும். அவசரப்படுகிறவர் இறங்கி வருவார் என்று காத்திருப்பார்கள். சேரன் சென்ட்ரலில் இரவு 10 மணிக்கு. பேச்சு நீண்டால் நீளட்டும், ஆலையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் போகலாம், ராத்திரிச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு மெட்ரோவில் சென்ட்ரல் வந்து ஏறலாம். காலை 6 மணி சுமாருக்குக் கோவை. வீட்டில் குளித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கடையோ பட்டறையோ திறக்கலாம். லாட்ஜ் செலவும் இல்லை. போகும்போது இரவு ரயில் என்றால் தூக்கம் கெட்ட முகத்தோடு மீட்டிங்கில் உட்கார வேண்டும். திரும்பும்போது அந்தக் கவலை இல்லை.

பையில் என்ன இருக்கிறது

கோவைக்காரர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு போவதில்லை. பம்ப் இம்பெல்லர், வால்வு, காஸ்டிங் சாம்பிள் என்று ஏதாவது இரும்பு இருக்கும். விமானத்தில் கைப்பை 7 கிலோ, செக்-இன் 15 கிலோ. சர்வீஸுக்குப் போகிறவர்கள் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் செட்டைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்ரே திரையில் ஓர் இம்பெல்லரைப் பார்த்துவிட்டுப் பையைத் திறக்கச் சொல்வதும், அது என்னவென்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வரிசை நீள்வதும் இந்த ஊர் இன்ஜினியர்களுக்குப் பழக்கமான காட்சி. டூல்ஸைச் செக்-இன் பையில் போடுங்கள், பவர் பேங்கை மட்டும் மறக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் பை வந்துவிட்டால் பெல்ட் முன்னால் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரும்பு நிறைய என்றால் பேசாமல் ரயில்.

வந்தே பாரத் யாருக்கு

2023 ஏப்ரலில் இந்த வண்டி வந்தபோது ஒரே நாளில் போய் வரலாம் என்று பலர் நினைத்தார்கள். நேர அட்டவணை அதற்கு இடம் தரவில்லை. 11.50க்குச் சென்ட்ரல் சேரும் வண்டி பிற்பகல் 2.25க்கே திரும்பிவிடுகிறது. நடுவே கிடைக்கும் நேரத்தில் சென்ட்ரலுக்கு எதிரே வேலை இருந்தால்தான் உண்டு. ஆனால் திரும்பும் பக்கம் மட்டும் பார்த்தால் அருமையான வண்டி. முந்தின இரவு ரயிலில் போய், காலை பத்து மணிக்குப் பாரிமுனையில் வேலையை முடித்து, 2.25க்கு ஏறினால் 8.15க்குக் கோவை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். திருப்பூர், ஈரோடு, சேலத்துக்காரர்களுக்கு இது இன்னும் நல்லது. அவர்கள் விமானத்துக்காகக் கோவை வந்து போவதில் அர்த்தமே இல்லை. லேப்டாப்பில் வேலை பார்க்க நல்ல இருக்கை, சார்ஜ் போட வசதி எல்லாம் உண்டு. பொம்மிடி, மொரப்பூர் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும், அந்த நேரத்தில் வீடியோ கால் வைத்துக்கொள்ள வேண்டாம். புதன்கிழமை வண்டி கிடையாது.

ஆம்னி பஸ்ஸைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். ரயிலும் கிடைக்காமல் விமானமும் விலை ஏறிய நாளில் கைகொடுக்கும். ஆனால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஸ்லீப்பரில் குலுங்கிப் போய் மறுநாள் மீட்டிங் என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெண் ஊழியர்களை அனுப்புகிற முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. இரவு விமானம் தாமதமாகிப் பதினொன்றரைக்குப் பீளமேட்டில் இறங்கித் தனியாக டாக்சி தேடுவதைவிட, விடிகாலை ரயிலில் வந்து வெளிச்சத்தில் வீடு போவது பலருக்கு வசதி. இன்னும் சிலருக்கு இரவு ரயிலே பிடிக்காது. அவர்களிடமே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து ஆபீஸ் முடிவு செய்யக் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண வாரங்களுக்கு. போகி அன்று காலை சென்னையில் புகை மூடி விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பி விடப்படுவதும் நடந்திருக்கிறது, அன்று போக வேண்டுமானால் முந்தின இரவு ரயிலில் போய்விடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் இரண்டையும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுதளத்தில் தண்ணீர் நின்று விமான நிலையத்தை மூடினார்கள், சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய ரயில்களும் ரத்தாகின. அந்த மாதிரி வாரத்தில் பார்ட்டிக்கு நாமே போன் செய்து அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் அவரே உடனே சரி என்பார்.