6,678 ரூபாய் கட்டி 35 நிமிடம்: திறந்தவெளி ஸ்டாண்டப் காமெடிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

போன செப்டம்பரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டி ஒரு தனியார் மைதானத்தில் நடந்த ஸ்டாண்டப் நிகழ்ச்சிக்குப் போய் ஏமாந்து வந்தோம். அப்பா, கணவர், ஒன்பது வயது மகள், நான் என நான்கு பேர். வரும் மாதங்களில் இதுபோல இன்னும் பல நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் வரும் என்பதால் எழுதுகிறேன். இது பற்றிய என் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை. மேடையில் நின்று பேசியவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவரைப் பார்க்கத்தான் போனோம், அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார்.

அப்பாவுக்கு 71 வயது. அம்மா போன பிறகு வீட்டில் அவர் சத்தமே கேட்காது. ஒருநாள் யாரோ அனுப்பிய இந்தக் காமெடியனின் துண்டு வீடியோவைப் பார்த்தவர், அதிலிருந்து தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். அடுப்படியில் இருக்கும் எனக்கு அவர் சிரிப்பது கேட்கும். ஒரு நாள் அவரே, “இந்தப் பையனை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்மா” என்றார். அவர் வாய் திறந்து ஒன்று கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அதனால்தான் விலையைப் பார்த்தும் தயங்கவில்லை.

டிக்கெட் பக்கத்தில் ‘அனைத்து வயதினருக்கும் ஏற்ற குடும்ப நிகழ்ச்சி’ என்றிருந்தது. மாலை 6.30 மணிக்குத் தொடக்கம், முக்கியக் காமெடியன் 90 நிமிடம். நாங்கள் எடுத்தது ‘கோல்டு’, ஒன்று 1,499 ரூபாய். மேடையிலிருந்து மூன்றாவது பகுதி, எண் போட்ட இருக்கை என்று படத்தோடு காட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியாது. அந்த ‘எண் போட்ட இருக்கை’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் சில்வரை விட்டுக் கோல்டு எடுத்தேன். சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 6,678 ரூபாய் போனது. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சியில், கையில் டிக்கெட் இருந்தும் எத்தனையோ பேர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அது இதே சாலைதான். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

5.45க்கு மைதானத்துக்குப் போய்விட்டோம். வாசலில் எல்லா வகை டிக்கெட்டுக்கும் ஒரே வரிசை. உள்ளே நுழைய 7 மணி தாண்டியது. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலைந்தாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இருக்கை எண்ணைத் தாளில் அச்சடித்துச் செலோ டேப்பால் முதுகில் ஒட்டியிருக்கிறார்கள். கடற்காற்றில் பாதித் தாள் பிய்ந்து புல்லில் கிடந்தது. எங்கள் வரிசை எழுத்தைத் தேடிப் போனால் நான்கு நாற்காலியிலும் வேறு ஆட்கள். அவர்களிடமும் கோல்டு டிக்கெட் இருந்தது. கறுப்பு டி-ஷர்ட் போட்ட பையனைக் கூப்பிட்டால், “கோல்டு எல்லாம் ஃப்ரீ சீட்டிங் மேடம், எங்க கிடைக்குதோ உட்காருங்க” என்கிறான். அப்பா கைத்தடியை ஊன்றியபடி, “தம்பி, நம்பர் போட்டுத்தானே காசு வாங்கினீங்க?” என்று கேட்டார். அந்தப் பையன் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டான். பாவம், அவனுக்கு அன்றைய கூலி எவ்வளவோ. பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

கடைசியில் சில்வர் பகுதிக்கும் பின்னால் மூன்று நாற்காலி கிடைத்தது. மகள் என் மடியில் உட்கார்ந்தாள்.

திறந்தவெளியில் பாட்டுக் கச்சேரி கேட்பது வேறு, ஸ்டாண்டப் கேட்பது வேறு என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. மேடை தொலைவில் விரற்கடை அளவுக்குத் தெரிந்தது. பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும். திரையில் அவர் வாய் அசைந்து முடிந்த பிறகு சொல் வந்து சேர்கிறது. போதாததற்குப் பக்கவாட்டில் வைத்த இன்னொரு ஸ்பீக்கரிலிருந்து அதே சொல் கொஞ்சம் முந்தி வருகிறது. இரண்டும் மோதி எதுவும் தெளிவாகக் காதில் விழவில்லை. எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் பிறகு விளக்கினார். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி இருந்தால் ஐந்தில் ஒரு நொடி பிந்தும். அதனால் நடுவில் தனியாக ஸ்பீக்கர் நிறுத்தி, மேடை ஒலியோடு சேரும்படி அதைத் தாமதப்படுத்தி வைக்க வேண்டுமாம். “பாட்டுன்னா ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சது, சமாளிச்சிடலாம். பேச்சுல ஒரு வார்த்தை போனா மொத்தமும் போச்சு” என்றார்.

அதுதான் நடந்தது. முன் வரிசைகளில் சிரிப்பு வெடிக்கும். எங்கள் பகுதியில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். என் மகள் முதலில் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “அம்மா, என்ன சொன்னாங்க?” என்றாள். எனக்கும் கேட்கவில்லை. பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். அதன்பின் கேட்பதை நிறுத்திவிட்டு என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கேட்டவையும் நன்றாக இல்லை. 8.10க்குத்தான் நிகழ்ச்சி தொடங்கியது. விளம்பரத்தில் பெயரே இல்லாத மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். அதில் ஒருவர் பேசியது முழுக்கப் படுக்கையறை விஷயம். பெரியவர்கள் மட்டும் உள்ள கூட்டத்தில் அவர் எதையும் பேசட்டும், அது அவர் உரிமை. ஸ்டாண்டப் நிகழ்ச்சிகளில் பலவற்றுக்கு 16 வயது, 18 வயது என்று வரம்பு போடுகிறார்கள், அது சரியான வழக்கம். இங்கே டிக்கெட் விற்பதற்காக அந்த வரம்பை எடுத்துவிட்டு ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் அப்பா, மடியில் மகள். நான் அவள் காதைப் பொத்த, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

முக்கியக் காமெடியன் மேடை ஏறியது 9.25க்கு. சரியாகப் பத்து மணிக்கு மைக்கை நிறுத்திவிட்டார்கள். 90 நிமிடம் என்றது 35 நிமிடம் ஆனது. “போலீஸ் அனுமதி பத்து மணி வரைதான், ஒத்துழைப்புக்கு நன்றி” என்று அறிவிப்பு. இந்த இடத்தைக் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழா நாட்களுக்கு மட்டும் அரசு தனியாகத் தளர்வு தரும். மூடிய அரங்கத்துக்கு இந்தத் தடை இல்லை. அதாவது திறந்தவெளி நிகழ்ச்சி எப்போது முடியும் என்பது டிக்கெட் விற்ற அன்றே அமைப்பாளருக்குத் தெரியும். தாமதமாகத் தொடங்கினால் குறைவது நம்முடைய நேரம்தான். வாசல் வரிசையை ஒழுங்குபடுத்தத் தெரியாமல் அவர்கள் தின்ற ஒரு மணி நாற்பது நிமிடத்தைச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டார்கள்.

தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே 20 ரூபாய் பாட்டிலை 60க்கு விற்றார்கள். பெண்களுக்கு இருந்த கழிப்பறைகள் இரண்டு. திரும்ப வண்டி கிடைக்க 11.30 ஆனது. நங்கநல்லூர் வந்து சேரும் வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் படி ஏறும்போது, “உனக்குத்தான் வீண் செலவு” என்றார்.

மறுநாளே எழுதினேன். டிக்கெட் விற்ற தளம், “நாங்கள் இடைத்தரகர்கள் மட்டுமே, அமைப்பாளரை அணுகவும்” என்றது. அமைப்பாளரின் எண்ணை யாரும் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்துத் தளத்திலிருந்து 500 ரூபாய் கூப்பன் வந்தது, நான் வாங்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டு வழி சொன்னார். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாம் எழுத்தில் கேட்டால் விற்றவரின் முகவரியையும் தர வேண்டும். அப்படிக் கேட்டுத்தான் அமைப்பாளரின் முகவரியை வாங்கினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போட்டாயிற்று. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று நிபந்தனையில் இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சொன்ன சேவையைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு, அந்த வரியைக் காட்டிப் பயமுறுத்த விடாதீர்கள்.

நான் யூபிஐயில் கட்டினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறும் வழி, கேட்டுப் பார்த்திருக்கலாம். டிக்கெட் எடுத்த அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள் ‘குடும்ப நிகழ்ச்சி’ என்ற சொல்லும் இருக்கை வரைபடமும் அங்கிருந்து காணாமல் போயின. கணவர் முன்பே யாருக்கோ அனுப்பிய படம்தான் இப்போது எங்கள் சாட்சி. வயதானவர்கள் வருவதாக இருந்தால், மூடிய அரங்கத்தில் அதே ஆள் எப்போது வருகிறார் என்று பார்த்துக் காத்திருங்கள். இருநூறு பேர் உட்காரும் அரங்கில் பின் வரிசைக்கும் பேச்சு கேட்கும்.

அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்கள் டிக்கெட் மின்னஞ்சலை அழித்துவிட வேண்டாம். புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. மேடை எவ்வளவு தொலைவில் தெரிந்தது, எத்தனை மணிக்கு யார் பேசினார் என்று காட்டும் வீடியோ உங்கள் செல்போனில் இருந்தால், தேதியும் நேரமும் மாறாமல் அப்படியே வைத்திருங்கள்.