சவரக்கத்தி தீட்டும் கண்ணாடித் தொகுப்பு வாங்குவோர் கவனத்துக்கு

மடக்குச் சவரக்கத்தி தீட்டுவதற்கென்று கண்ணாடித் தகட்டையும், அதன் மேல் விரித்துத் தீட்டுவதற்கான, நுண்ணிய தேய்ப்புத் துகள் பூசிய லேப்பிங் ஃபிலிம் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கி ஏமாற்றப்பட்டேன். அதே தொகுப்பு அதே விளம்பரத்துடன் இன்றும் விற்பனையில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரத் தகட்டில் படிந்தபடிதான் அதைத் தீட்ட வேண்டும். கோணத்தைத் தீர்மானிப்பது கை அல்ல, கத்தியின் முதுகே. ஃபிலிம் என்பது பெரும்பாலும் 0.075 மில்லிமீட்டர் கனமுள்ள பாலியெஸ்டர் தாள். அடியில் இருக்கும் தகட்டின் மேடுபள்ளத்தை அது அப்படியே கத்திக்குக் கடத்திவிடும். அதனால்தான் இதற்கு ஃப்ளோட் கிளாஸைத் தேடுகிறோம். உருகிய தகரத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் இந்த முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. கண்ணாடி சமதளமாக அமைவதே அதன் சிறப்பு.

விளம்பரத்தில் இருந்தது 10 மில்லிமீட்டர் ஃப்ளோட் கிளாஸ். வந்ததோ டஃபன்ட் கிளாஸ் (சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி), அதுவும் அதைக் காட்டிக்கொடுக்கும் மூலை முத்திரை பாதி சுரண்டப்பட்ட நிலையில். ஃப்ளோட் கண்ணாடியை உருளைகளின் மேல் ஓட்டி, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்விப்பதுதான் டஃபனிங். இளகிய நிலையில் உருளைகளின் மேல் ஓடுவதால் பரப்பில் மெல்லிய அலை விழுகிறது. தகட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, அதில் தெரியும் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பார்த்தபடி மெல்லத் திருப்பினேன். நேர்க்கோடாக இருக்க வேண்டிய பிம்பம் பாம்பாக நெளிந்தது. மேசைக்கு மேல் போட இது போதும், சவரக்கத்திக்கு உதவாது. கத்தியின் வாயில் மார்க்கர் மை பூசி இழுத்துப் பார்த்தபோது நடுவில் மை அழிந்தது, நுனியில் அப்படியே இருந்தது. குறை கத்தியில் இல்லை. நண்பரின் நல்ல தகட்டில் அதே கத்தியின் மை ஒரு சீராக அழிந்தது.

ஃபிலிம் இன்னும் மோசம். துகளின் அளவை 12, 3, 1, 0.3 மைக்ரான் என்று உறையில் மட்டும் எழுதியிருந்தார்கள். தாள்களின் பின்புறத்தில் எந்த அச்சும் இல்லை. நிறத்தை வைத்து மைக்ரானை நம்ப முடியாது, ஏனெனில் அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 3 மைக்ரானில் சீராக வந்திருந்த வாயை, 1 மைக்ரான் என்ற தாளில் தீட்டிவிட்டு, பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்து லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தேன்: முந்தைய கீறல்கள் மறைவதற்கு மாறாக, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆழமான புதிய கோடுகள் ஓடின, அவை முடிந்த இடங்களில் வாய் பொரிந்திருந்தது. நுண்தாளில் ஒரே ஒரு பெருந்துகள் கலந்திருந்தாலும் இதுதான் நடக்கும். கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்த பழைய கத்தி அது. பொரிந்ததைச் சரிசெய்ய எஃகைத் தேய்த்தே ஆக வேண்டும், தேய்த்த எஃகு திரும்ப வராது.

"பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்று விற்பனையாளர் பதில் அனுப்பினார். அப்படி மறுக்க அவருக்கு உரிமையில்லை. விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விளம்பரத்தின் படம், முத்திரையின் படம், உரையாடல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

கண்ணாடியை இணையத்தில் வாங்கவே தேவையில்லை. பக்கத்துக் கண்ணாடிக் கடையில், டஃபன் செய்யாத 10 அல்லது 12 மில்லிமீட்டர் கண்ணாடியை வேண்டிய அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பார்கள். டியூப் லைட் பிம்பத்தை அங்கேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இந்தத் தொகுப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், நல்ல கத்தியை அதில் வைப்பதற்கு முன் ஒரு பழைய உளியின் முகத்தை 1 மைக்ரான் தாளில் தேய்த்து லூப்பில் பாருங்கள். ஆழமான புதிய கோடுகள் தெரிந்தால் படமெடுத்து நீங்களும் புகார் கொடுங்கள்.